நாளைய லாரியைத் தாங்கும் பாலம்: வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனியின் ஏ45 நெடுஞ்சாலையில், லூடன்ஷைட் நகருக்குப் பக்கத்தில், ராமேடே பள்ளத்தாக்கின் மேல் ஒரு பெரிய எஃகுப் பாலம் இருந்தது. 1968இல் திறந்தார்கள். 2021 டிசம்பரில் எஃகுத் தகடுகளில் நெளிவு தெரிந்ததும் போக்குவரத்தை உடனே நிறுத்தினார்கள். 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டியவர்கள் தங்கள் காலத்து விதிப்படி சரியாகத்தான் கட்டியிருந்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 25,000 வண்டிகள் என்று எண்ணிக் கட்டிய பாலத்தில் 60,000க்கும் மேல் ஓடின. லாரிகளின் எடையும் ஏறிக்கொண்டே போயிற்று. அறுபது ஆண்டுகூட அது நிற்கவில்லை.

இந்தியாவில் இன்று புதுப் பாலத்துக்கு 100 ஆண்டு ஆயுள் என்று வைத்து வடிவமைக்கிறோம். நூறு ஆண்டுக்குப் பிறகு அதன்மேல் என்ன வண்டி ஓடும் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை. எந்த உறுப்பைப் பின்னால் தொட முடியாதோ அதில் இன்றே கூடுதல் வலுவை வைத்துவிட வேண்டும். எதைப் பின்னால் மாற்றலாமோ அதை மாற்றுவதற்கு வழி விட்டு வைக்க வேண்டும். கீழே வரும் படிகளெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் செய்து முடிப்பதற்காகத்தான். இந்திய விதிகளை வைத்துச் சொல்கிறேன். வேறு நாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு எண்கள் மாறும், யோசிக்கும் முறை மாறாது.

முதல் படி: விதி கேட்கும் சுமையைக் கையால் எழுதிப் பாருங்கள்

சாலைப் பாலத்தின் சுமைகளுக்கு நமக்கு அடிப்படை ஐஆர்சி:6, அதாவது இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிநூல். கணக்குக்கென்று சில மாதிரி வண்டிகளை அது வகுத்திருக்கிறது. மென்பொருளில் "70ஆர்" என்று தேர்ந்தெடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த வண்டியை ஒரு தாளில் வரையுங்கள்.

கிளாஸ் ஏ என்பது எட்டு ஆக்சில் (சக்கர அச்சு) கொண்ட வண்டித்தொடர். மொத்தம் 55.4 டன். நடுவில் வரும் இரண்டு ஆக்சில்கள்தான் கனமானவை, ஒவ்வொன்றும் 11.4 டன். 70ஆர் சக்கர வண்டி ஏழு ஆக்சில், 100 டன், நீளம் 13.4 மீட்டர். ராணுவ வாகன வகைப்பாட்டிலிருந்து வந்த சுமை இது. இதே 70ஆரில் 70 டன் சங்கிலித்தட வண்டியும் உண்டு, 40 டன் போகியும் உண்டு. போகி என்றால் 1.22 மீட்டர் இடைவெளியில் 20 டன் ஆக்சில் இரண்டு. வண்டி நேரடியாக ஓடும் தளப் பலகையான டெக் ஸ்லாபுக்குப் பெரும்பாலும் இந்தப் போகிதான் தீர்ப்பு சொல்லும். இரு லேன் பாலம் என்றால் ஒரு 70ஆர் வண்டி, அல்லது லேனுக்கு ஒன்றாக இரண்டு கிளாஸ் ஏ தொடர், இவற்றில் எது மோசமோ அது.

இவற்றுக்கு மேல் சிறப்பு வாகனச் சுமை ஒன்று இருக்கிறது. 20 ஆக்சில் ஹைட்ராலிக் டிரெய்லர், இழுக்கும் வண்டியோடு சேர்த்து 385 டன். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், அணு உலைப் பாகம் போன்றவை இப்படித்தான் போகும். வேறு வண்டி எதுவும் இல்லாமல், பாலத்தின் நடுவில், மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மிகாமல் போக வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் ஓடும் வண்டி குதிப்பதால் கூடும் அதிர்வுச் சுமையும் பிரேக் சுமையும் அதற்குச் சேர்ப்பதில்லை.

இரண்டாம் படி: அந்தச் சாலையில் என்ன ஓடுகிறது, என்ன ஓடப் போகிறது

2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சில் 10.2 டன்னிலிருந்து 11.5 டன். இரட்டை ஆக்சில் 19லிருந்து 21. மூன்று ஆக்சில் லாரியின் மொத்த எடை 25லிருந்து 28.5. மிகப் பெரிய டிரெய்லர்களுக்கு 49லிருந்து 55. ஒரு அறிவிப்பு வெளியான நாளில் நாட்டிலுள்ள எல்லாப் பழைய பாலங்களுக்கும் சுமை கூடிவிட்டது. எந்தப் பாலமும் அந்த வாரம் கெட்டிப்படவில்லை.

மற்ற நாடுகளிலும் இதே போக்குதான். பின்லாந்து 2013இல் லாரிகளின் மொத்த எடை வரம்பை 60 டன்னிலிருந்து 76 டன்னாக உயர்த்தியது. ஸ்வீடன் 2018இலிருந்து தேர்ந்தெடுத்த சாலைகளில் 74 டன் அனுமதிக்கிறது. மின்சார லாரிக்கு பேட்டரி கனம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2 டன் கூடுதலாகக் கொடுக்கிறது. எடை வரம்பு ஏறும், இறங்குவது அரிது. நூறு ஆண்டுக்குள் இன்னும் சில முறை ஏறும் என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயமான அனுமானம்.

உங்கள் பாலம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் துறைமுகம், அனல்மின் நிலையம், கல் குவாரி, சிமென்ட் ஆலை, காற்றாலைப் பண்ணை ஏதாவது உண்டா? எண்ணூர், தூத்துக்குடி போன்ற துறைமுகச் சாலைகளில் ஓடும் வண்டிக் கலவையும் ஒரு மாவட்டச் சாலையின் கலவையும் ஒன்றில்லை. பக்கத்துச் சுங்கச்சாவடியில் ஓடும் வண்டியை எடைபோடும் கருவி இருந்தால் அந்தத் தரவைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஆக்சில் எடைக் கணக்கெடுப்பு ஒன்றைத் திட்டச் செலவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பாலத்தின் மொத்தச் செலவில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. சராசரி எடையைப் பார்க்காதீர்கள், அது ஆளை ஏமாற்றும். நூறு லாரியில் மிகக் கனமான ஐந்து என்ன எடை என்று பாருங்கள். மணல், ஜல்லி ஏற்றும் டிப்பர்கள் வரம்புக்குள் ஓடுகின்றன என்று நம்பி யாரும் பாலம் கட்டக்கூடாது.

மூன்றாம் படி: சுமை எந்த விதத்தில் கூடுகிறது என்று பிரியுங்கள்

சுமை கூடும் என்று பொதுவாகச் சொன்னால் அதை வைத்து ஒன்றும் வடிவமைக்க முடியாது. கூடுவதில் மூன்று விதம் உண்டு.

ஒன்று, தனி ஆக்சில் கனப்பது. இது டெக் ஸ்லாபையும், பாலம் நீளவும் சுருங்கவும் விடும் இடைவெளியான எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டையும், ஓடைகளின் மேல் வரும் சிறுபாலங்களான கல்வெர்ட்டுகளையும் தாக்கும். டெக் ஸ்லாபைப் பொறுத்தவரை விதி ஏற்கெனவே முன்னால் நிற்கிறது: சட்டம் 11.5 டன் என்கிறது, நாம் 20 டன் ஆக்சிலுக்குக் கட்டுகிறோம்.

இரண்டாவது, பல கனமான வண்டிகள் ஒரே நேரத்தில் பாலத்தின் மேல் நிற்பது. இது கிர்டரையும் (ஸ்லாபைத் தாங்கும் நீண்ட உத்தரம்) தூணையும் தாக்கும். என்னைக் கேட்டால் புதியவர்கள் குறைவாக மதிப்பிடுவது இதைத்தான்.

மூன்றாவது, எண்ணிக்கை. வண்டி கனக்காவிட்டாலும் அதே வண்டி பத்து மடங்கு தடவை போனால் எஃகு சோர்ந்துபோகும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

நான்காம் படி: ஒரு 30 மீட்டர் ஸ்பானைக் கையால் போட்டுப் பாருங்கள்

இரு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் 30 மீட்டர் ஸ்பான் (இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளம்), இரு லேன். ஒரு டன் என்றால் 10 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.

70ஆர் சக்கர வண்டியை மிக மோசமான இடத்தில் நிறுத்தினால் நடுவில் வரும் வளைவுத் திருப்புமை, அதாவது பாலத்தை வளைக்கப் பார்க்கும் விளைவு, சுமார் 588 டன்-மீட்டர். இரண்டு லேனிலும் கிளாஸ் ஏ தொடரை நிறுத்தினால் சுமார் 563. ஆக 70ஆர் ஆளுகிறது.

இப்போது போக்குவரத்து நெரிசலை யோசியுங்கள். சட்டப்படி 55 டன் ஏற்றிய டிரெய்லர்கள் முன்னும் பின்னுமாக நிற்கின்றன. ஒரு வண்டியும் அதன் இடைவெளியும் சேர்ந்து 20 மீட்டர் என்று கொள்ளலாம். மீட்டருக்கு 2.75 டன் வருகிறது. ஒரு லேனுக்குச் சுமார் 309, இரண்டு லேனுக்கு 619 டன்-மீட்டர். சீராகப் பரவிய சுமையாக எடுத்துக்கொண்ட தோராயக் கணக்குதான், ஆனால் செய்தி தெளிவு. யாரும் சட்டத்தை மீறாமலே, இரு லேனும் டிரெய்லரால் அடைத்து நிற்கும் ஒரு காலையில், 70ஆரைத் தொட்டுவிடுகிறோம். வண்டிகள் கால் பங்கு அதிகம் ஏற்றியிருந்தால் 770ஐத் தாண்டும்.

பாலம் உடனே விழுந்துவிடாது. அதிர்வுச் சுமைக்கு நாம் சேர்த்திருக்கும் 12.5 சதவீதமும், பாலம் உடையும் எல்லையைச் சரிபார்க்கும் இறுதிநிலைக் கணக்கில் வாகனச் சுமையைப் பெருக்கும் 1.5ம் இருக்கின்றன. ஆனால் அந்த 1.5 எதிர்காலத்துக்கென்று ஒதுக்கி வைத்த சேமிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய சுமையிலும் கணக்கிலும் உள்ள நிச்சயமின்மைக்காக அது அங்கே இருக்கிறது. எதிர்காலத்துக்கு வேண்டியதை நாம் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

நெரிசலுக்கென்றே ஐஆர்சி:6 ஒரு பெருக்கெண் கொடுக்கிறது. ஊருக்குள் இருக்கும் மேம்பாலம், ரயில்வே மேம்பாலம் போன்ற, வண்டிகள் அடிக்கடி நிற்கும் இடங்களுக்கு அது. 30 மீட்டர் வரை 1.15. 60 மீட்டரில் 1.6. 70க்கு மேல் 1.7. நிற்கிற வண்டி குதிக்காது என்பதால் அப்போது அதிர்வுச் சுமை வேண்டாம். ஸ்பான் நீள நீளப் பெருக்கெண் ஏன் ஏறுகிறது என்பது மேலே போட்ட கணக்கிலிருந்தே புரியும்: நீளமான ஸ்பானில் ஒரு தனி வண்டியைவிட வரிசைதான் பெரிது. இன்று ஊருக்கு வெளியே இருக்கும் பாலத்தைச் சுற்றி இருபது ஆண்டில் ஊர் வளர்ந்துவிடும். அதனால் பெரிய நகரங்களின் விளிம்பில் வரும் பாலங்களுக்கு இந்தப் பெருக்கெண்ணை இன்றே போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

அப்புறம் அந்தச் சிறப்பு வாகனம். ஆக்சிலுக்கு 18 டன், 1.5 மீட்டருக்கு ஒன்று. அதாவது மீட்டருக்கு 12 டன். இந்த ஸ்பானில் சுமார் 1,350 டன்-மீட்டர், 70ஆரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நடுவில் போவதால் எல்லாக் கிர்டரும் பங்கு போட்டுக்கொள்ளும் என்றாலும், இதைச் சரிபார்க்காமல் விடக்கூடாது.

ஐந்தாம் படி: கூடுதல் வலுவுக்கு என்ன செலவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

கூடுதல் சுமைக்குக் கட்டினால் செலவு எகிறிவிடும் என்று முதலில் எல்லோரும் பயப்படுவார்கள். அதே 30 மீட்டர் ஸ்பானை எடுங்கள். கான்கிரீட் கிர்டர், ஸ்லாப், மேல்பூச்சு, தடுப்புச் சுவர் எல்லாம் சேர்ந்து மீட்டருக்கு 16 டன் என்றால் சொந்த எடையின் திருப்புமை 1,800 டன்-மீட்டர். அதிர்வோடு சேர்த்து 70ஆர் சுமார் 660. வாகனச் சுமையை 20 சதவீதம் கூட்டினால் மொத்தத்தில் ஏறுவது ஐந்தாறு சதவீதம்தான். கிர்டருக்குள் இழுத்து இறுக்கும் எஃகுக் கேபிள் இரண்டொன்று கூடும், அவ்வளவே.

தூணுக்கும் பைலுக்கும் (மண்ணுக்குள் இறக்கும் அடித்தளக் கம்பம்) இன்னும் குறைவு. கீழே போகப் போகச் சொந்த எடையின் பங்கு பெருகிக்கொண்டே போகும். வாகனச் சுமை கால் பங்கு கூடினாலும் பெரும்பாலான இடங்களில் பைலின் நீளம் ஓரிரு மீட்டர் கூடுவதோடு முடிந்துவிடும். பத்து ஆண்டு கழித்து ஓடும் ஆற்றில், போக்குவரத்தை நிறுத்தாமல், அதே அடித்தளத்தை வலுவாக்க என்ன செலவாகும் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். பிறகு அந்த ஓரிரு மீட்டரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

6 மீட்டர் கல்வெர்ட் கதை வேறு. அங்கே ஸ்லாபின் ஒரு மீட்டர் அகலத்தை எடுத்தால் பாதிக்கு மேல் வாகனச் சுமைதான். ஆக்சில் எடை ஏறினால் அது நேரே ஸ்லாபில் போய் இறங்கும். பெரிய பாலத்துக்கு ஆயிரம் கூட்டம் போடுகிறோம், கல்வெர்ட்டைப் பழைய வரைபடத்திலிருந்து நகலெடுக்கிறோம். இது மாற வேண்டும். குவாரிச் சாலையில் முதலில் விரிசல் விடுவது கல்வெர்ட்தான். அங்கே ஸ்லாபைக் கொஞ்சம் தடிமனாக்கிக் கம்பியைக் கூட்டினால் காரியம் முடிந்தது.

நான் வைத்துக்கொள்ளும் முறை இது: துறைமுகம், சுரங்கம், மின்நிலையச் சாலைகளில் அடித்தளத்துக்கும் தூணுக்கும் தூண் தலைக்கும் வாகனச் சுமையை 25 முதல் 30 சதவீதம் கூட்டி ஒரு முறை சரிபார்ப்பேன். கிர்டருக்கு 15 முதல் 20. மற்றச் சாலைகளில் அடித்தளத்துக்கு மட்டும். இது விதி கேட்பதில்லை, என் சொந்தத் தீர்மானம். உரிமையாளரிடம் கணக்கையும் செலவு வித்தியாசத்தையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

பிரேக் சுமையை மறக்காதீர்கள். ஐஆர்சி:6 முதல் வண்டித்தொடரின் எடையில் 20 சதவீதத்தைக் கிடைமட்டமாகத் தள்ளச் சொல்கிறது. வண்டி கனத்தால் இதுவும் கூடவே ஏறும். உயரமான தூணில் இந்தத் தள்ளுதான் அடிமட்டத்துக் கம்பியைத் தீர்மானிக்கும்.

ஆறாம் படி: பின்னால் வருபவருக்கு வழி விடுங்கள்

நியூயார்க்கின் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தை ஓத்மர் அம்மான் வடிவமைத்தார். 1931இல் திறந்தபோது ஒரே தளம். ஆனால் கீழே இன்னொரு தளம் வரும் என்று எண்ணி கேபிளுக்கும் கோபுரத்துக்கும் முதலிலேயே வலு கொடுத்திருந்தார். 1962இல் கீழ்த்தளம் வந்தது. இன்று இரண்டு தளத்திலும் சேர்த்து 14 லேன் ஓடுகிறது. லிஸ்பனில் 1966இல் திறந்த தொங்கு பாலத்திலும் ரயிலுக்கு இடம் விட்டிருந்தார்கள். 1999இல் கூடுதல் கேபிள்கள் கட்டி ரயிலை ஓட்டினார்கள்.

நம் அளவிலான பாலத்தில் செய்யக்கூடியவை எளியவை. பெட்டிக் கிர்டராக இருந்தால் பெட்டியின் உள்வெளியில், கான்கிரீட்டில் புதைக்காமல், எதிர்காலத்தில் வெளிப்புற பிரிஸ்ட்ரெஸ் கேபிள் (இழுத்து இறுக்கி வலுவூட்டும் கேபிள்) இழுக்க நங்கூரக் கட்டைகளையும் திசைதிருப்பும் கட்டைகளையும் இப்போதே வார்த்துவிடுங்கள். இங்கே ஒப்பந்தங்களில் 20 சதவீதக் கூடுதல் விசைக்கு வழி கேட்பது வழக்கம். வரைபடத்தில் ஒரு குறிப்பாக மட்டும் போட்டுவிட்டு விடாதீர்கள். அந்தக் கேபிளை இழுக்கும் ஜாக்கி உள்ளே நுழையுமா, ஆள் நிமிர்ந்து நிற்க முடியுமா என்று அளந்து பாருங்கள்.

கிர்டர் தூணின் மேல் உட்காரும் தாங்கியான பேரிங்கை மாற்றக் கிர்டரைத் தூக்க வேண்டும். தூண் தலையில் ஜாக்கி வைக்க இடமும், அந்த இடத்துக்குக் கீழே கம்பியும், மேலே குறுக்குச் சட்டத்தில் வலுவும் வேண்டும். அந்தத் தூக்கும் சுமையையும் நாளைய எடைக்கே கணக்கிடுங்கள்.

இதற்கு நேர் எதிராக, யாராலும் பார்க்கவோ தொடவோ முடியாத இணைப்புகளைத் தவிருங்கள். கனடாவின் லவால் நகரில் தே லா கான்கார்ட் மேம்பாலம் 2006 செப்டம்பர் 30 அன்று விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். நடு ஸ்பான் இரு பக்கமும் நீட்டிய பகுதிகளின் உதட்டில் உட்கார்ந்திருந்த அமைப்பு அது. தடிமனான அந்தப் பகுதியில் ஷியர் எனும் வெட்டு விசையைத் தாங்கும் கம்பி போதாமல், உள்ளே கான்கிரீட் வலுவிழந்துபோனது வெளியே தெரியவில்லை. வளையும் விசைக்குப் பலவீனம் இருந்தால் விரிசலாகத் தொய்வாக முன்கூட்டியே தெரியும். ஷியர் அப்படி அவகாசம் கொடுக்காது. கூடுதல் வலு வைக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் நான் ஷியரில் வைப்பேன்.

ஏழாம் படி: எஃகு இருந்தால் சோர்வுக் கணக்கு

ஐஆர்சி:6 இதற்கென்று 40 டன் லாரி ஒன்றைக் கொடுத்திருக்கிறது. துறைமுகம், கனரகத் தொழிற்சாலை அருகே என்றால் அது ஒரு கோடி தடவை போவதாகவும், மற்ற இடங்களில் 20 லட்சம் தடவை என்றும் எடுக்க வேண்டும். வெல்டு செய்த இணைப்புகளில் சேதம் தகைவின் (எஃகுக்குள் ஒரு பரப்பில் எழும் விசை) மூன்றாம் அடுக்காக ஏறும். 10.2 டன்னிலிருந்து 11.5 டன் என்பது 13 சதவீதம்கூட இல்லை. ஆனால் அதன் மூன்றாம் அடுக்கு 1.43. அதாவது ஒவ்வொரு வண்டியும் 43 சதவீதம் அதிகச் சேதம் செய்துவிட்டுப் போகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு கோடி என்றே எடுங்கள். வெல்டைக் குறைத்து, தகடு தடிமன் மாறும் இடங்களைச் சாய்வாக்கி, இழுவிசை வரும் தகட்டில் தேவையில்லாத ஒட்டு எதையும் போடாமல் இருந்தால் எஃகு எடை கூடாமலே ஆயுள் கூடும்.

எட்டாம் படி: சொந்த எடையும் ஏறும்

நாளைய சுமை என்றால் லாரி மட்டும் என்று நினைக்கிறோம். பாலத்தின் மேல் தார் மேல் தார் போடுவார்கள். தடுப்புச் சுவரை மாற்றுவார்கள். குடிநீர்க் குழாயைக் கட்டித் தொங்கவிடுவார்கள். 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபொலிஸில் ஐ-35டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் இறந்தபோது, மூல வடிவமைப்பிலேயே இணைப்புத் தகடுகள் தேவையான தடிமனில் பாதிதான் இருந்தன என்று தெரியவந்தது. ஆனாலும் அது நாற்பது ஆண்டு நின்றது. இடையில் சேர்த்த கான்கிரீட் அடுக்கும், அன்று பழுதுபார்ப்புக்காக மேலே குவித்திருந்த பொருட்களும் சேர்ந்து அதை எல்லை தாண்ட வைத்தன.

65 மில்லிமீட்டர் மேல்பூச்சின் உண்மையான எடை சதுர மீட்டருக்கு 1.4 கிலோநியூட்டன் அளவில் வரும். நாம் வழக்கமாக 2 என்று எடுக்கிறோம். அந்த வித்தியாசம் ஒரே ஒரு மறு அடுக்குக்குத்தான் போதும். குழாய், கேபிள்களுக்குத் தனியாக ஓர் எடை ஒதுக்குங்கள். பாலம் திறந்த மறுவருடமே யாராவது கேட்டு வருவார்கள்.

கடைசிப் படி: எழுதி வையுங்கள்

பழைய பாலம் ஒன்றின் தாங்குதிறனை ஐஆர்சி:எஸ்பி:37 படி மதிப்பிட உட்காரும்போதுதான் இதன் அருமை தெரியும். வரைபடம் கிடைக்காது. கிடைத்தாலும் எந்தச் சுமைக்குக் கட்டினார்கள் என்று இருக்காது. கம்பியைத் தேடிக் கான்கிரீட்டைத் துளைக்க வேண்டிவரும்.

அதனால் பொது அமைப்பு வரைபடத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி போட்டு இவற்றை எழுதுங்கள்: எந்த ஐஆர்சி:6 பதிப்பு, எந்தெந்த வண்டி, நெரிசல் பெருக்கெண் எவ்வளவு, சிறப்பு வாகனம் சரிபார்த்ததா, அடித்தளத்திலும் தூணிலும் கிர்டரிலும் கூடுதலாக வைத்த சதவீதம் என்ன, எதிர்காலக் கேபிளுக்கு எங்கே எவ்வளவு விசைக்கு இடம் இருக்கிறது, மேல்பூச்சு அதிகபட்சம் எவ்வளவு தடிமன் வரை போகலாம், ஜாக்கி எங்கே வைக்க வேண்டும். அதே தகவலை அரசின் பாலத் தகவல் பதிவிலும் ஏற்றச் சொல்லுங்கள். பாலத்தின் முனையைத் தாங்கும் அபட்மென்ட் சுவரில் கட்டிய ஆண்டும் வடிவமைப்புச் சுமையும் செதுக்கிய ஒரு கல் பதித்தால் இன்னும் நல்லது. அலுவலகம் இடம் மாறும், கோப்பு தொலையும், மென்பொருள் திறக்காமல் போகும். அந்தச் சுவர் பாலம் இருக்கும்வரை இருக்கும்.